சின்னதா, பெரியதா

நான் சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். கபாலீஸ்வரர் கோயில் குளத்துத் தண்ணீர்மேல் ஆணையாகச் சொல்கிறேன். குளத்தில் தண்ணீர் இருக்கிற மாதமாகப் பார்த்துத்தான் சத்தியம் செய்கிறேன் என்பதையும் இன்ஸ்பெக்டர் அம்மா கவனிக்க வேண்டும். இதற்கு முன்னால் நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிற சில சங்கதிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மெரினாவில் கரை ஒதுங்கிய திமிங்கிலத்துக்கு மாங்காய் சுண்டல் வாங்கிக் கொடுத்தேன் என்றது அந்த வகை. இது வேறு. இது வாக்குமூலம்.

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் எத்தனை வாட்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எடையைக் கேட்பதில்லை. எடைதான் முக்கியம். ஒரு மனிதனின் மண்டையில் இறக்கும்போது வாட்ஸால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

என் மனைவியைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். நான் பேச வந்தது என் மச்சினன் ஸ்ரீரங்கனைப் பற்றி.

வைதேகிக்கு அவன் ஒரே தம்பி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதில் வெறுப்பெல்லாம் கிடையாது, நாற்பது வருஷமாகப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். லஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய கட்டடத்தின் மொட்டைமாடி அறையில்தான் இருந்தான். ஓய்வு பெற்றதும் மலையில் போய்க் கூடாரம் அடித்துத் தூங்க வேண்டும் என்று ஓர் ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது. கூடாரம் வாங்கினான். ஏலகிரிக்குப் போக நாள் பார்த்தான். நாள் அமையவில்லை. அதுவரை பழகட்டும் என்று மாடியிலேயே, துணி உலர்த்தும் கம்பிகளுக்கு நடுவில் அடித்துக்கொண்டான்.

ஆனி மாதம் வைதேகிக்கு நுரையீரல் கெட்டு, வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. காற்றை இழுத்துச் சுத்தம் செய்து மூக்குக் குழாயில் அனுப்புகிற பெட்டி. கரண்ட் இருக்கிறவரை அது ஓடும், அது ஓடுகிறவரை அவள் பேசுவாள். கரண்ட் போனால் வீட்டு பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். அதுவும் ஒரு ராத்திரிக்குத்தான் வரும். அதனால் டாக்டர், ஒரு ஜெனரேட்டர் வாங்கி வையுங்கள் என்றார். எனக்கு வீட்டுக்கு வேண்டும். அவனுக்கு மலைக்கு வேண்டும். ஒரே மெஷின் இரண்டுக்கும் ஆகட்டும் என்று நானும் அவனும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம்.

தியாகராய நகரில் ஆசிஃப் என்று ஒரு பிள்ளை கடை வைத்திருக்கிறான். அவன் இரண்டு மெஷின்களை எடுத்து முன்னால் வைத்தான். இரண்டுமே பெட்ரோலிலும் ஓடும், சமையல் காஸிலும் ஓடும். இரண்டுமே இன்வெர்ட்டர் வகை, கரண்ட் ஆடாமல் சீராக வரும். சிவப்பாக இருந்தது சின்னது. மேலே கைப்பிடி, சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கொண்டு போகலாம். மஞ்சளாக இருந்தது பெரியது. இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும், ஆனால் சக்கரம் உண்டு, ஏசி வரைக்கும் இழுக்கும்.

"மலைக்குன்னா சின்னது, வூட்டுக்குன்னா பெரிசு. உங்களுக்கு இன்னா சார் வேணும்?" என்றான் ஆசிஃப்.

"ரெண்டுக்கும்" என்றோம் நாங்கள்.

"அந்த ஆக்சிஜன் மெஷினுக்கா பாக்குறீங்க? அது குடிக்கிறது கம்மி கரண்டு சார். ரெண்டுல எத்த எடுத்துக்கினு போனாலும் ஜம்முனு ஓடும். எடுத்துக்கினு போ சார், சும்மா நின்னு பாத்துக்கினு கீறியே."

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அப்படியெல்லாம் சட்டென்று விடையை எழுதிவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த மாதம் ஆடித் தள்ளுபடி வருமே என்றேன். ஆடி வந்தது. ஆடியில் புது மெஷினை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றான் ஸ்ரீரங்கன். ஆவணியில் புது மாடல் வரப்போவதாக அவன் எங்கோ படித்தான். புரட்டாசியில் மகாளய பட்சம். நடுவில் காஸா பெட்ரோலா என்று ஒரு சுற்று நடந்தது. பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்தால் கெட்டுப்போகும், காஸ் கெடாது, ஆனால் காஸில் மெஷினின் பலம் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும் என்று நான் கேட்டேன். அவன் ஒன்று சொன்னான், ஆசிஃப் ஒன்று சொன்னான், நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், மூன்றாவதாக ஒன்று வந்தது. தீபாவளிக்கு விலை இறங்கும் என்று காத்திருந்தோம். தீபாவளிக்குக் கடையில் கூட்டமாக இருந்தது.

ஒரு நாள் நாங்கள் கூடத்தில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது வைதேகி உள்ளேயிருந்து சொன்னாள். அவளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ காபி ஆறறதுக்குள்ள சரின்னுட்டேளே. அதுல பாதி யோசனைகூட இல்லையே. ரெண்டுல எதையாவது வாங்கித் தொலையுங்கோளேன்."

"அக்கா, சின்னதுன்னா நாளைக்கே சரி. அத்திம்பேர்தான் ஒத்துக்க மாட்டேங்கறார்."

"பெரிசுன்னா நான் இன்னிக்கே சரி" என்றேன்.

"நான் போனப்பறம் பெரிசா வாங்குங்கோ. கரண்ட் இல்லாதபோது ஏசி போட்டுண்டு ரெண்டு பேரும் அழலாம்" என்றாள். நல்ல வாய் அவளுக்கு.

இரண்டு வாரத்துக்கு முன்னால் புயல் வந்ததே, அப்போதுதான் நான் செய்தேன்.

முதல் நாள் சாயங்காலம் கரண்ட் போயிற்று. பேட்டரி தீர்ந்தது. அவளைச் சிலிண்டருக்கு மாற்றினேன். கீழ்வீட்டுக்காரர்கள் ஆதம்பாக்கத்தில் உறவினர் வீட்டுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. தெருவில் ஆம்புலன்ஸ் வர முடியாத அளவுக்குத் தண்ணீர். பொழுது விடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மயிலாப்பூரில் இடுப்பளவு இருந்த தண்ணீர் தேனாம்பேட்டையில் கழுத்துக்கு வந்தது. அங்கிருந்து தியாகராய நகர் வரை நீந்தினேன். வழியில் ஒரு மாநகரப் பேருந்து மிதந்து வந்தது. நடத்துனர் சில்லறை இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றார். எழுபத்தாறு வயதில் நீச்சலா என்று உங்கள் ஏட்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும். நான் சத்தியம் செய்திருக்கிறேன்.

ஆசிஃப் கடை மாடியில் உட்கார்ந்திருந்தான். "இன்னா சார், நீஞ்சிக்கினா வந்தே?" என்றான். இரண்டையும் கொடு என்றேன். ஒன்றை வாங்கினால்தானே சந்தேகம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது அம்மா. எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. பெரியதைத் தலையில் வைத்து, சின்னதைக் கையில் பிடித்து, வந்த வழியே திரும்பினேன்.

வீட்டுப் பால்கனியில் பெரியதை வைத்து, சின்ன காஸ் சிலிண்டரை மாட்டினேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஸ்ரீரங்கனையும் கூப்பிடலாமே என்று தோன்றியது. சின்னதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். காற்று அடித்த அடியில் கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்தன. கூடாரம் மட்டும் நின்றது. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டேளா அத்திம்பேர், பேஷ். ஆனா இன்னிக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. நாளன்னிக்குக் கார்த்தாலே ஸ்டார்ட் பண்ணிண்டா என்ன?"

நான் கோபப்படவில்லை. கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். நிதானமாக யோசித்துப் பார்த்தேன். கையில் கைப்பிடி இருந்தது.

முதல் அடி தோளில் பட்டது. சின்னதன் குறை இதுதான், வீச வசதியாக இருந்தாலும் குறி கொஞ்சம் தவறும். எலும்பு முறிந்த சத்தம், முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி, அவ்வளவு மழையிலும் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது அடி தாடையில். பற்கள் கூடாரத் துணியில் பட்டு ஒவ்வொன்றாக விழுந்தன. அவனும் சும்மா இருக்கவில்லை. வாயில் ரத்தத்தோடு, "பாத்தேளா, தூக்கறதுக்கு சின்னதுதான் சௌகரியம்னு நான் சொன்னேனோல்லியோ" என்றான். அந்த நிலையிலும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது அடியை நெற்றியில் இறக்கினேன். மண்டை உடைந்தது. உள்ளே இருந்தது என் வேட்டி வரைக்கும் தெறித்தது.

ஆனாலும் மூச்சு இருந்தது. சின்னதை இழுத்து ஸ்டார்ட் செய்ய ஒரு கயிறு உண்டு. அதை முழுக்க வெளியே இழுத்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையை விட்டேன். கயிறு தானாகவே உள்ளே சுருட்டிக்கொண்டது. அவன் முகம் கறுத்து, கண்கள் பிதுங்கி வெளியே வந்தன. அப்போது அவனுக்கும் மூச்சு கிடைக்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று அவன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கயிற்றைத் தேர்ந்தெடுத்தேன். மெஷினில் அடித்தே முடித்திருக்கலாம். அவன் காலால் தரையை உதைத்ததை முழுக்கப் பார்த்தேன். நின்றதும் கீழே போய்ப் பெரியதையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்து அவன் நெஞ்சின்மேல் உருட்டினேன். விலா எலும்புகள் நொறுங்கின. ஈரத் தரையிலும் சக்கரம் நன்றாக ஓடியது. இரண்டுக்கும் நியாயம் செய்ய வேண்டுமல்லவா, அதற்காக.

உடலைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித் தெருவில் போட்டேன். வெள்ளம் அதை எடுத்துக்கொண்டது. லஸ் முனையில் இடது பக்கம் திரும்பி, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, திருவான்மியூர் பக்கமாகப் போயிற்று. வாழ்நாளில் அவன் யோசிக்காமல் திரும்பிய ஒரே முனை அதுதான்.

மாடியில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை, கூடாரம் மட்டும்தான் இருக்கிறது என்கிறார் ஏட்டு. மூன்று நாள் மழை ஐயா. மழை என்ன சும்மாவா பெய்தது?

பிறகு கீழே வந்து பெரியதைப் பால்கனியில் மறுபடி வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஒரே இழுப்பு. சத்தமே கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. வைதேகியின் உதடுகள் நீலமாக இருந்தன. மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வந்தன. "எது வாங்கினேள்?" என்று கேட்டாள். இரண்டையும் என்றேன். சிரித்தாள். கரண்ட் இல்லாத அந்த மூன்று நாளும் அவள் நன்றாக மூச்சு விட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, சின்னதா பெரியதா என்று ஆறு மாதம் பேசிக்கொண்டிருக்கிறவனைக் கையால் அடித்துத்தான் கொல்ல வேண்டும். தூக்கு, ஜெயில் எல்லாம் அவனுக்குப் போதாது. நிதானமாக யோசிக்கிற யாரும் இதை ஒத்துக்கொள்வார்கள். அப்படிப் பேசியவர்கள் இரண்டு பேர். ஒருவனை நான் முடித்துவிட்டேன். மற்றவன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கை வரவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

திரும்பவும் வைதேகி எங்கே என்று கேட்கிறீர்கள். வருகிறேன் என்று சொன்னேனே. முதலில் கொலைக்கான ஆயுதத்தைக் கைப்பற்ற வேண்டாமா? அதுதானே முறை? ஆளை அனுப்புங்கள், தேட வேண்டியதே இல்லை. காலையில்கூடப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சின்னது, பெரியது இரண்டும் ஆசிஃப் கடை அலமாரியில், ஆனி மாதம் எங்களுக்கு எடுத்துக் காட்டிய அதே இடத்தில், இன்னும் விற்காமல் இருக்கின்றன.