ரோலரும் வண்டிதான்

ஆமாங்கக்கா, அரியலூரு கோர்ட்டுக்குத்தான் போயிட்டு வரேன். நெலத் தகராறெல்லாம் இல்லீங்க, நமக்கு ஏது நெலம். இது ரோலர் கேசு. ரோடு போடற எடத்துல இரும்புச் சக்கரத்த உருட்டுவாங்கல்ல, அது வண்டியா, வெறும் மெஷினான்னு கேசு. சிரிக்காதீங்க. வருசக்கணக்கா இதத்தான் பேசுறாங்க.

எங்கூட்டுக்காரரு ரோட்டு வேலைக்குப் போனவரு. எமர்ஜென்சி முடிஞ்ச வருசம், பூலாம்பாடி ரோட்டுல குத்தவெச்சு ஜல்லி பரப்பிக்கிட்டு இருந்துருக்காரு. ரோலர் ரிவர்ஸுல வந்துச்சு. ஆரன் கெடையாது. பின்னால பாக்க ஒரு கண்ணாடியும் கெடையாது. ஆளு நடக்கற வேகங்கூட இல்லீங்க அது. அந்த வேகத்துலதான் அவரு மேல ஏறிருச்சு. இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டுபோகல. கொண்டுபோக ஒண்ணும் இல்ல.

கான்ட்ராக்டரு வெச்ச வக்கீலு என்ன சொல்றாருன்னா, பஸ்ஸு லாரிக்கு உள்ள சட்டம் இதுக்கு இல்லயாம். இது மெதுவா போறதாம். ரோட்டுல போறதுக்குன்னு செய்யலியாம், ரோடு போடறதுக்குன்னு செஞ்சதாம். அதனால ஆரன் வேணாம், லைசென்ஸ் வேணாம், நஷ்டஈடும் கேக்க முடியாதாம். எங்க வக்கீலு, இல்ல, அதுவும் வண்டிதான்னு பொஸ்தகம் பொஸ்தகமா எடுத்து வெக்கறாரு. செத்தவரப் பத்தி ஒருத்தரும் பேசல, சக்கரத்தப் பத்தியேதான் பேச்சு. நா ஒரு மூலையில நிப்பேன். வாய்தா போட்டுருவாங்க. பஸ் ஏறி வந்துருவேன். அலுத்துப்போச்சுங்கக்கா.

இன்னைக்கு ரோலர் ஓட்டுனவன விசாரிச்சாங்க. மெஷினுன்னு மட்டும் சொல்லு, உனக்கு ஒண்ணும் வராதுன்னு வாசல்லயே கான்ட்ராக்டரு ஆளு சொன்னத நானே கேட்டேன். கூண்டுல ஏறுனான். வண்டிதாங்கய்யா, டீசல் ஊத்தி, ஸ்டேரிங் புடிச்சு பெரம்பலூர் வரைக்கும் ரோட்டுலயே ஓட்டியாந்துருக்கேன், ஆரன் வெச்சுத் தாங்கன்னு கேட்டேன், தரல, எங்கிட்ட லைசென்ஸும் இல்லன்னுட்டான். கேக்காததயும் சேத்துச் சொன்னான்.

எங்க வக்கீலுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. ஆனா ஓட்டுனவன சும்மா வுடுவாங்களா? அவன் மேல போலீஸ் கேசு தனியா கெடக்குது. இனிமே உள்ளதான் போவான்னு குமாஸ்தா சொல்றாரு.

தீர்ப்பு அடுத்த மாசமாம்.

நல்லவந்தான்ங்கறீங்க. ம். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல தல சாஞ்சு தூங்குறான் பாருங்க, அவந்தான். எங்கூருதான். என் தம்பிங்கக்கா, கூடப்பொறந்தவன். அந்த வேலைக்கு எங்கூட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் போனதே அவந்தான். அன்னையிலேர்ந்து நா அவங்கிட்ட பேசறதில்ல. கோர்ட்டுக்கு வரப்ப ஒரே பஸ்ஸுலதான் வருவோம், தனித்தனியா.

பெரம்பலூர் வந்துருச்சா? பூலாம்பாடிக்கு இங்கதான் மாறணும். அவன் இன்னும் தூங்குறான். நீங்க முன்வாசல்லதான எறங்குவீங்க, போறப்ப அவனக் கொஞ்சம் எழுப்பி... இல்ல, வேணாங்கக்கா. நீங்க எறங்குங்க.

டேய் அரியமுத்து. எந்திரிடா. எறங்கணும்.