கம்பனி வேற ஆள்

பிளேன்டித் தேநீருக்கு நன்றி, சேர். சீனி மட்டும் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் சீனி வருத்தம் உண்டு. என் வாப்பாவுக்கு இருந்தது, என் மகள் அஸ்னாவுக்கு ஏழு வயதிலேயே வந்துவிட்டது. பத்து வயதில் அவள் எப்படி மௌத்தானாள் என்று விசாரிக்கத்தானே, மரண விசாரணை அதிகாரி நீங்கள், என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். என் பெயர் ஸஹீத். கல்முனையில் டைல்ஸ் விற்கிற கம்பனிக்குப் பணிப்பாளர், அதாவது டைரக்டர்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். கலியாணம் முடித்து ஹப்ஸாவின் வீட்டுக்குப் போனேன். அறை அறையாக நல்ல டைல்ஸ் பார்த்துப் பதித்தேன். பதினொரு வருடம் கழித்துத் தலாக் ஆனதும் உடுப்புப் பையோடு வெளியே வந்தேன். எரிச்சலாக இருந்தது, சேர். மறைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான், பிள்ளையின் செலவுக்கான தாபரிப்பு வழக்கு வருமுன்பே என் கடையைக் கம்பனியாகப் பதிந்தேன்.

கணக்குப் பார்க்கிற கேதீஸ்வரன் விளக்கினார். “முதலாளி, இனிக் கம்பனி வேற ஆள், நீங்க வேற ஆள்.” கார் கம்பனியுடையது. நான் படுக்கிற மேல்மாடி கம்பனியுடையது. எனக்குச் சம்பளம் முப்பதாயிரம். அதைத் தீர்மானிக்கிற கடிதத்தில் கையெழுத்தும் என்னுடையதுதான். வழக்கை விசாரித்த காதியார் சம்பளச் சிட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே நின்ற காரை ஜன்னலால் பார்த்தார். பிறகு பிள்ளைக்கு மாதம் ஆறாயிரம் என்று எழுதினார். அவரும் என்னதான் செய்வார், பாவம். ஒரு மாதமும் தவறாமல் கட்டினேன். ரசீதுகள் கொண்டுவந்திருக்கிறேன்.

நோன்பு மாதத்தில் கிளினிக்கில் அஸ்னாவுக்கு இலவசமாகக் கொடுக்கிற இன்சுலின் இல்லாமல் போனது. வெளியே வாங்கச் சொன்னார்கள். ஹப்ஸா போனில் அழுதாள்.

“ஆறாயிரத்துல ஊசி மருந்து வாங்கவா, சோறு திங்கவா? புள்ளைக்குப் பாதி பாதியா ஏத்துறன். ஒங்கட புள்ளதானே அவ?”

நான் சம்பளக்காரன், சேர். கூடக் கொடுத்தால், வழக்கின் அடுத்த தவணையில் அது எங்கிருந்து வந்தது என்று காதியார் கேட்பார். என் கை கட்டப்பட்டிருந்தது.

கம்பனி வருடாவருடம் நோன்பில் ஏழைகளுக்குக் கடமையான தர்மம், ஸக்காத், கொடுக்கும். அது கொடுத்த அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கடைவாசலில் ஏழைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் அஸ்னாவும் நின்றாள். அவளுடைய உம்மா ஹப்ஸா தெருவுக்கு அந்தப் பக்கம், மதில் ஓரம். பிள்ளையின் உதடு வறண்டு வெடித்திருந்தது. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

“வாப்பா, ஊசி மருந்து முடியப் போகுது. எனக்கும் சக்காத் தாங்களன்.”

“சொந்தப் புள்ளைக்கு வாப்பா சக்காத் குடுக்கப்படாது மகள். மார்க்கத்துல இல்ல.”

“ஏன் வாப்பா?”

“புள்ளட செலவு வாப்பாட கடமை. கடமையச் சக்காத்துல கழிக்க ஏலா.”

கொஞ்சம் யோசித்தாள். “கம்பனிதானே குடுக்குது? நீங்க வேற, கம்பனி வேற எண்டு காதியார்ட்டச் சொன்னீங்களாமே. உம்மா சொன்னா.”

கெட்டிக்காரப் பிள்ளை, சேர். பின்னால் நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ்வின் விசயத்தில் என்னால் பொய் சொல்ல முடியாது. உண்மையைத்தான் சொன்னேன்.

“கம்பனியும் வாப்பாவும் ஒண்டுதான் மகள்.”

தலையாட்டிவிட்டுப் போனாள். கையில் எடுத்த காசை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்தேன்.

வேறு காசு இருந்ததா என்று கேட்கிறீர்கள். ஓம், இருந்தது. ஊசி நின்றால் என்ன ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். ஓம், தெரியும். டொக்டர் அவளுக்கு வருத்தம் வந்த அன்றே என்னிடம் சொல்லியிருந்தார். நோன்புப் பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மௌத்தானாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சேர். அவளைச் சுற்றிய கபன் துணிக்கும், கபுறுக் குழி வெட்டியவர்களுக்கும் கொடுத்ததில் ஒரு சதமும் கம்பனிக் கணக்கில் போடவில்லை. எல்லாம் என் சம்பளத்திலிருந்துதான். வாப்பாவின் கடமையில் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.