ஈரச் சிலேட்டுப் பாடம்

திங்கட்கிழமை உங்களுக்கு மாதிரிப் பாடம். பயம் முகத்துலயே தெரியுது, தங்கச்சிங்களா... அதனால அறிவுரை வேண்டாம். குட்டியா ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால, உப்பளம் பக்கத்துல ஒரு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி. ஆரம்பிச்ச புதுசு. மொத்தமே பதினோரு பெண்கள். அதுல ஒருத்தி அன்னபாக்கியம். அவ அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார்: "ஒரு வருஷம் தர்றேன். தேறலைன்னா, நான் காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டணும்."

அவளோட மாதிரிப் பாடத்தன்னைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கடைசி பெஞ்சுல உட்கார்ந்தார். ஈரம் எப்படிக் காயுதுங்கிறதுதான் பாடம். அன்னபாக்கியம் ஈரத்துணியை எடுத்தா... சிலேட்டுல படவே இல்ல. முன் வரிசையில ஒரு பொண்ணு கத்துது: "தண்ணி ஆவியாப் போயிடுச்சு டீச்சர்!"

பக்கத்துல இருந்தவ அவளை இடிக்கிறா: "ஏய், டீச்சர் இன்னும் நனைக்கவே இல்லடி!"

ஏன் அப்படி? மூணு நாளா ஒத்திகை! அதே பிள்ளைங்க, அதே கேள்வி, அதே பதில். அங்க எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "போதும்மா. முடிஞ்சுது."

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

அவ சொன்னா: "முடியல ஐயா... இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இது ஒத்திகை பார்த்த பாடம். அரை மணி நேரம் குடுங்க. இதைக் கேட்காத பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

பின்னால இருந்த, கூடப் படிக்கிற தோழி பல்லைக் கடிச்சா: "அடிப்பாவி, எங்களையும் சேர்த்து மாட்டி விட்டுட்டியே!"

வெயில்ல ஓடினா. உப்பு வாரிட்டிருந்த பொம்பளைங்ககிட்ட கெஞ்சி ஆறு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத பிள்ளைங்க. கால் பூரா உப்பு.

சிலேட்டை நனைச்சா. காஞ்சுது. "ஈரம் எங்கே போச்சு?"

ஒரு சின்னப் பொண்ணு எழுந்து வந்து சிலேட்டை நக்கிப் பார்த்தா! "அக்கா, எங்க அளத்துல தண்ணி போனா உப்பு நிக்கும். இதுல ஒண்ணும் நிக்கலையே... ஏன்?"

பாடக்குறிப்புல அந்தக் கேள்வி இல்ல. அன்னபாக்கியம் குறிப்பை மூடி வெச்சா. "வா, அளத்துத் தண்ணியையும் கொண்டு வந்து காய வெச்சுப் பார்ப்போம்."

மணி அடிச்சுது. பாடம் நிக்கல. இன்ஸ்பெக்டரும் எழுந்திருக்கல.

கிளம்பும்போது சொன்னார்: "முதல் பாடத்தை நான் பார்க்கல. இரண்டாவதுல நீ தேறிட்டேம்மா. அந்தப் பொண்ணு நாளைக்கும் வருவாளா?"

"நான் போய்க் கூப்பிடுவேன் ஐயா."

இதை ஏன் சொல்றேன்? நானும் ஒத்திகை பார்த்துத் தேறினவதான். சொல்லக் கூச்சமா இருக்கு... என் மாதிரிப் பாடத்துல எல்லாப் பிள்ளைங்களும் சரியாச் சொன்னாங்க. நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.

திங்கட்கிழமை, தப்பாப் பதில் சொல்ற பிள்ளையைப் பின்னால ஒளிச்சு வைக்காதீங்க. முன் வரிசையில உட்கார வைங்க. பாடம் தடுமாறட்டும், மார்க் குறையட்டும்... தெரியாத பிள்ளைக்குத்தானே தங்கச்சிங்களா, டீச்சர் வேணும்?