குளிர்க்கடல் நாட்குறிப்பை மீட்ட கோமதியம்மாளுக்கு

பொருநை புரண்டோடும் பூமியிற் பிறந்து, பழந்தாள் பேணும் பணியிற் சிறந்து, கரையான் கலங்க, இராமபாணப் பூச்சி நடுங்க, கைகழுவாமல் உள்ளே நுழையும் பேராசிரியப் பெருமக்களும் கதிகலங்க, முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பொருநைக் கடல்சார் ஆவணக் காப்பகத்தின் பாதுகாப்புப் பிரிவைக் கட்டி ஆண்ட கண்டிப்பின் களஞ்சியமே! கனிவை அந்தக் கண்டிப்புக்குள் பூட்டிவிட்டு, சாவியை ஆழ்வார்திருநகரி வீட்டிலேயே மறந்து வரும் அன்பின் அரசியே! தாளுக்குத் தாயே! தூசிக்குப் பகையே! எங்கள் கோமு அக்காவே! இன்று பணி நிறைவு பெறும் உங்களை, உங்களிடம் திட்டு வாங்கித் திருந்திய இந்தக் கூட்டம் கைகூப்பி வணங்குகிறது.

இந்தப் பாணியிலேயே நான்கு பக்கம் எழுதும் அளவுக்குத் தமிழும் தெம்பும் எங்களிடம் இருந்தன. ஆனால் மடல் தயாராகிறது என்று காதில் விழுந்த அன்றே நீங்கள் இரண்டு நிபந்தனை போட்டுவிட்டீர்கள். ஒன்று, மடலை லேமினேஷன் செய்யக்கூடாது. இரண்டாவது இது:

"என் தப்பையும் சேத்துப் படிங்க. அத விட்டுட்டு வெறும் மாலையாப் போட்டிய, நான் மேடையில ஏற மாட்டேன், ஆமா."

முதல் நிபந்தனையிலேயே நாங்கள் வழுக்கி விழப் பார்த்தோம். பாராட்டு மடல் என்றால் பளபளவென்று உறை போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டித்தானே கொடுப்பது? பழக்க தோஷத்தில் நம் கணக்கர் கிருபைராஜ் இதன் முதல் படியை முருகன்குறிச்சிக் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு வந்து, பெருமையாகவும் சொன்னார். காவலர் இசக்கிமுருகன் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். இயந்திரத்தின் வாய்க்குள் போகவிருந்த தாளை எட்டிப் பிடுங்கினார். "என்னவே, சொத்துப் பத்திரமா?" என்று கடைக்காரர் கேட்டாராம். "அதுக்கும் மேல வே. அக்காவுக்குத் தெரிஞ்சா எங்க எல்லாரையும் அசிட்டோன்ல முக்கி எடுத்துருவாவ" என்று சொல்லிவிட்டு வந்துசேர்ந்தார். கிருபைராஜை மன்னித்துவிடுங்கள். அன்பினால் ஒரு தாளைக் கெடுப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரியாததா?

இனி இரண்டாவது நிபந்தனை. விருந்தினர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறோம்.

நம் காப்பகத்தின் கண்மணி 'செலஸ்டின்' என்ற பாய்க்கப்பலின் நாட்குறிப்பு. இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னால் வங்கக் கரையிலிருந்து கிளம்பிய அந்தக் கப்பல், நம் கடற்கரையில் தண்ணீரும் கருவாடும் ஆள்களும் ஏற்றிக்கொண்டு, சீனக்கடல் தாண்டி, அமெரிக்காவின் வடமேற்குக் கரைவரை போயிற்று. எதற்கு? கடல்நீர்நாய் என்ற பிராணியின் மென்மயிர்த் தோலுக்கு. சீனத்துச் சீமான்களின் மேலங்கிக்கு அந்தத் தோல் வேண்டும். பனி உறைந்த விரிகுடாக்களைப் பற்றி அந்தக் கப்பல் தலைவர் எழுதியதை, சித்திரை வெயிலில் மின்விசிறியும் நின்றுபோன அறையில், வியர்வை தாளில் சொட்டாமல் தலையில் துண்டு கட்டிக்கொண்டு படித்த முதல் மனுஷி நீங்கள்.

அந்த நாட்குறிப்பின் ஒவ்வொரு தாளையும், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்கள் கையாலேயே லேமினேஷன் செய்தீர்கள்.

அன்றைக்கு அதுதான் முறை. பாடநூல்கள் அதைத்தான் சொல்லின. நீங்கள் வடக்கே போய்ப் பெற்ற பயிற்சியும் அதுதான். பெரிய இரும்பு இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறையைச் சூடாக்கித் தாளின் இரண்டு பக்கமும் ஒட்டினால், தாள் சாகாது என்று உலகமே நம்பிய காலம். நீங்களும் நம்பினீர்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தாளை ஆட்டிக் காட்டி, "இனி இதுக்கு அழிவே கெடையாது" என்று பூரித்தீர்கள்.

சில ஆண்டுகள் சென்றபின் ஒரு நாள், பெட்டியைத் திறந்ததும் காடி வாடை அடித்தது. எவனோ ஊறுகாய்ப் பரணியை உள்ளே வைத்துவிட்டான் என்று ஊழியர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தீர்கள். குற்றவாளி ஊறுகாய் இல்லை. உறைதான் புளித்துக்கொண்டிருந்தது. மஞ்சளாகி, சுருங்கி, தாளையும் தன்னோடு இழுத்து மடித்துக்கொண்டிருந்தது. அதன்பின் ஒரு வாரம் நீங்கள் யாரையும் திட்டவில்லை. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பட்ட பயம் கொஞ்சமல்ல.

வேறு யாராக இருந்தாலும் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதிவிட்டு மாற்றல் வாங்கிப் போயிருப்பார்கள். நீங்கள் ஒரு தட்டும், பிளாஸ்டிக்கைக் கரைக்கும் அசிட்டோனும், மென்மயிர்த் தூரிகையும் வாங்கித் தரச் சொன்னீர்கள். போட்ட உறையைப் போட்ட கையே கழற்றத் தொடங்கியது. உறையை இளக்கி, நூலிழை நூலிழையாக உரித்து, தாளை உலர்த்தி, கோதுமைப் பசை காய்ச்சி, மெல்லிய தாள் ஒட்டி வலுவூட்ட, ஒரு தாளுக்கு ஒரு மாதம்கூட ஆயிற்று. பணிக்காலத்தின் முற்பாதியில் செய்ததைப் பிற்பாதி முழுவதும் உட்கார்ந்து பிரித்தவர் நீங்கள்! திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்து, அதே பாசஞ்சரில் திரும்பி, விருது கேட்காமல், விடுப்பும் கேட்காமல் அதைச் செய்தீர்கள். அக்கா, எங்களுக்கு அது தப்பாகத் தெரியவே இல்லை. நிபந்தனை என்பதால் படித்தோம். படித்தபின் உங்கள்மீது இருந்த மதிப்பு கூடித்தான் போயிற்று.

மீதி இருந்தது ஒரே ஒரு தாள். கப்பலில் ஏறிய ஆள்களின் பெயர்த் தாள்.

அதில் தொம்மை என்ற கடலோடியின் பெயர் இருக்கிறது. எழுதத் தெரியாத அவர், பெயருக்குப் பக்கத்தில் தன் அடையாளம் வரைந்திருக்கிறார்: மூன்று கோடு, குறுக்கே ஒரு கட்டு. மூன்று கட்டைகளைப் பிணைத்த கட்டுமரம். நாட்குறிப்பின் பிற்பகுதியில் அவரைப் பற்றி ஒரே வரி: காய்ச்சலில் இறந்தார், குளிர்க்கடலில் இறக்கினோம். அடுத்த வரியில் அன்று வாங்கிய தோல்களின் தொகை. "ரெண்டு வரிக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம் விட்டாத்தான் என்னவாம் அந்தாளுக்கு!" என்று, செத்துப்போய் இருநூறு வருடமான கப்பல் தலைவரை நீங்கள் திட்டாத நாள் இல்லை.

பெரியதாழையிலிருந்து வந்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தொம்மை அண்ணாச்சி அந்தக் குடும்பத்தின் இன்றைய தொம்மை. அவர் படகின் முகப்பிலும் அதே மூன்று கோடு, அதே கட்டு. கல்லறைத் திருநாள் வந்தால் ஊரெல்லாம் தங்கள் தங்கள் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும். இவர் குடும்பத்து மூத்தவருக்குக் கல்லறை இல்லை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் தேதி, மனைவி லூசி அம்மாவோடு, பூவும் மெழுகுவர்த்தியுமாக நம் காப்பகத்துக்கு வந்துவிடுவார். முதன்முதல் வந்த அன்று நீங்கள் வாசலை மறித்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "காயிதம் இருக்க எடத்துல தீயா! அண்ணாச்சி, வெளங்குமா இது?" பிறகு நீங்களே வேப்பமரத்தடியில் இடம் பெருக்கி, அங்கே ஏற்றச் சொல்லி, கை கழுவவைத்து, உள்ளே அழைத்துப் போய்த் தாளைக் காட்டினீர்கள். அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை முறியவில்லை.

மார்கழி வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துப் போய், உங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அப்போது நாலாம் நாள் உங்கள் தொலைபேசி அழைப்பு இசக்கிமுருகனுக்கு வந்தது. "தொம்மை பெட்டி மேல்தட்டுல இருக்காலே?" "இருக்குக்கா. நீங்க எப்படி இருக்கிய?" "நான் இருக்கேம்லே. நீ பெட்டியப் பாரு." இந்த உரையாடலை அவர் இன்றும் நடித்துக் காட்டுகிறார். உங்களுக்குத் தெரியாமல்தான்.

அந்தத் தாளை மட்டும் ஏன் கடைசிவரை தொடவில்லை? கப்பல் தலைவர் எழுதிய மை அசிட்டோனுக்கு அசையாது. தொம்மை வரைந்தது விளக்குக்கரியா, தாரா, யாருக்கும் தெரியாது. உறையைக் கழற்றினால் அடையாளமும் அதோடு போய்விடலாம். கழற்றாமல் விட்டால் தாளே மடிந்துவிடும். சென்ற ஆண்டு திருநாளன்று, மறைக்காமல் அண்ணாச்சியிடம் இரண்டையும் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். லூசி அம்மாதான் பதில் சொன்னார். "எடுங்கக்கா. உள்ள மூச்சு முட்டிக் கெடக்காவ."

அனுமதி கிடைத்தும் நீங்கள் கை வைக்கவில்லை. "இன்னைக்கு ஈரம் சாஸ்தி", "இன்னைக்குக் கரண்டு போவும்", "இன்னைக்கு என் கண்ணு சரியில்ல" என்று அந்தத் தாளுக்கு மட்டும் ஓராண்டு சாக்குச் சொன்னீர்கள். உங்களுக்கும் பயம் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அடுத்து வருபவர் பார்த்துக்கொள்ளட்டுமே என்று அலுவலகம் சொன்னபோதுதான் சிலிர்த்து எழுந்தீர்கள். "நான் மாட்டிவிட்ட சட்ட. நான்தான் கழத்தணும்."

தீபாவளி கழிந்த வியாழக்கிழமை காலை, அண்ணாச்சியையும் லூசி அம்மாவையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, தட்டில் தாளை இறக்கினீர்கள். நாங்கள் கதவோரம் நின்றோம். உறை இளகிற்று. பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அடையாளத்தின் மேல் தூரிகை வந்தது. முதல் கோடு நின்றது. குறுக்குக் கட்டு நின்றது. இரண்டாம் கோடும் நின்றது. மூன்றாம் கோடு உறையோடு போய்விட்டது.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "போச்சே அண்ணாச்சி" என்றீர்கள். நீங்கள் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

தொம்மை அண்ணாச்சி குனிந்து தாளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஒரு கட்டதானக்கா போச்சு. ரெண்டு கட்ட கெடந்தாப் போதும், கர பிடிச்சிரலாம். நான் பிடிச்சிருக்கேன்."

உரித்த அந்த உறையையும் நீங்கள் எறியவில்லை. தனிக் காகிதக் கவரிலிட்டு, பென்சிலால் எழுதி, தாளோடு அதே பெட்டியில் வைத்தீர்கள்: "கோமதி ஒட்டியது, கோமதி கழற்றியது. மூன்றாம் கோடு இதில் உள்ளது." ஆவணம் காப்பது என்றால் என்ன என்று இனி எங்களை யார் கேட்டாலும் அந்த இரண்டு வரியைக் காட்டுவோம்.

அக்கா, உங்களை அனுப்பிவைக்க எங்களுக்கு மனமில்லை. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பசையின் பதமும் பருவத்தின் ஈரமும் உங்கள் விரலுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது. உங்கள் திட்டு இல்லாத காலைநேரம் எங்களுக்கு விடியப்போவதும் இல்லை. கண் தெளிந்து, கால் வலி தீர்ந்து, பாசஞ்சரில் சன்னலோர இடம் தவறாமல் வாய்த்து, பேரப்பிள்ளைகளின் பாடநூலுக்கு அட்டை போடும்போதும் பிளாஸ்டிக்கைப் பக்கத்தில் விடாமல், நூறாண்டு நிறைவாக வாழுங்கள்! இந்த மடல் வெறுந்தாளில், சட்டமின்றி, உறையின்றி உங்கள் கைக்கு வருகிறது. பூச்சி வந்தால் பார்த்துக்கொள்ள உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கட்டளை. இத்தனை ஆண்டில் நாங்கள் உங்களுக்கு இடும் முதல் கட்டளை. நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, ஆனாலும் காப்பகம் திறந்திருக்கும். அன்று நீங்கள் அதிகாரி இல்லை. எல்லாரையும்போல வாசலில் கையெழுத்திட்டு, கை கழுவி, பேனாவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள். வேப்பமரத்தடியில் முதல் மெழுகுவர்த்தியை நீங்கள்தான் ஏற்றவேண்டும் என்று லூசி அம்மா சொல்லிவிட்டார். தீப்பெட்டி கொண்டுவர வேண்டாம். வாசலில் நீங்கள் பிடுங்கி வைத்தவை அத்தனையும் இசக்கிமுருகனிடம் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் திட்டுக்கு என்றும் கடன்பட்ட,
சித்ரலேகா, கிருபைராஜ், இசக்கிமுருகன் மற்றும்
பொருநைக் கடல்சார் ஆவணக் காப்பகத்தின் ஊழியர்கள் அனைவரும்

பாளையங்கோட்டை
அக்டோபர் 31