சைக்கிளில் மாட்டிய சொந்த வீடு

காலில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஷூ கயிறு கட்டுகிறவன் போலக் குனிந்து அடுத்தவர் பேச்சைக் கேட்டவன் நான். தட்டாஞ்சாவடியில் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் தன் தங்கையிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

“வீட்டை சைக்கிளுக்குப் பின்னாடி மாட்டி வெச்சிருக்காருடி.”

மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கல்யாணப் பெண் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“தரகரு சொந்த வீடுன்னாரேக்கா?”

“சொந்தந்தான். பீச்சுல எவனோ வெள்ளைக்காரன் சைக்கிள்ல இப்படி ஒண்ணை இழுத்துக்கினு போனானாம். அதைப் பாத்துட்டு, பட்டறையில இவரே வெல்டிங் வெச்சி செஞ்சாராம். தகரக் கூரை, ஒரு ஜன்னலு, உள்ள பாயி. கல்யாணத்துக்கப்புறம் ஊர் ஊராப் போயி அதுலயே தங்கலாமாம்.”

“நாய் புடிக்கிற வண்டி மாதிரி இருக்குமே!”

“அதான், வேணாம்னு சொல்லி அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அதுல எத்தினி பேரு படுக்கலாம்மா?”

“ரெண்டே பேரு. மூணாவது ஆளு காலை நீட்ட முடியாது.”

“அப்ப அவங்கம்மா?”

“அவங்க இப்ப இருக்கற வாடகை வீட்லியே இருக்க வேண்டியதுதான்.”

“எனக்குச் சம்மதம்மா.”

உப்பளத்தில் அவர்கள் இறங்க, நானும் பின்னாலேயே இறங்கினேன். பெண் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். சித்தி அக்காவின் காதோரம் சொன்னாள்:

“வுடுக்கா, சந்தோசமா இருக்கட்டும். அரியாங்குப்பம் பாலத்து ஏத்தத்துல எறங்கி அதைத் தள்ளப்போறது யாருன்னு மட்டும் அவ இன்னும் கேக்கல.”