கையோடு வந்த ஸ்க்ரூ

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேசை விசிறியின் கழுத்து ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. கால் சுற்று முடுக்கினால் தலை ஆடுவது நின்றுவிடும். அது போடுகிற சத்தத்தில் நீங்கள் பேசுவது காதில் விழாது என்பதால்தான் கேள்விகளைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். நீங்களும் முகம் சுளிக்காமல் எழுதித் தந்தீர்கள். தெளிவான கையெழுத்து. வண்டியில் என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், கதவை ஏன் திறக்கவில்லை என்று மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். மூன்றாவது கேள்வியே தவறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முப்பத்திரண்டு வருடம் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட எட்டு வயது சின்னவன் என் தம்பி, மருந்துக்கடை வைத்திருந்தான். அவனுக்குப் பழைய கார்கள் என்றால் பைத்தியம். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை, சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் வாங்கிவந்தான். நாங்கள் இருவரும் ஆறு வருடம் உழைத்து அதை எழுப்பி நிறுத்தினோம். கரும்பச்சை நிறம், தாழ்ந்த கூரை, முன்பக்கமாகத் திறக்கும் பானெட். தம்பி மனைவி அதற்கு ஆமை என்று பெயர் வைத்தாள்.

"ஸ்போர்ட்ஸ் காராம். ஓடுறதைவிட நிக்கிறதுதான் அதிகம். இதுல ஓட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு அண்ணனும் தம்பியும் வேற" என்பாள்.

எல்லாம் கிடைத்தது, ஓட்டுபவர் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி மட்டும் கிடைக்கவில்லை. ஷெட்டோ குறுகல், வண்டியின் இன்னொரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும். ஆகவே தம்பி இறங்க வேண்டுமென்றால் நான் வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். "அண்ணா, கதவு" என்பான். வேறு ஒரு கைப்பிடியைச் செதுக்கிப் பொருத்தித் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"அது எதுக்கு? நீதான் இருக்கியே" என்றான்.

நான் இல்லாத இடங்களில் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறந்துகொள்வான்.

கார்புரேட்டரைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது அது. இந்த வண்டிக்கு இரண்டு. இரண்டும் ஒரே அளவு மூச்சு விட வேண்டும். ஒன்று அதிகமாக இழுத்தால் என்ஜின் நொண்டும். அளக்கக் கருவிகள் உண்டு, நான் வைத்துக்கொண்டதில்லை. ஒரு முழ நீள ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டரின் வாயில். உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்கும். முதலாவதைக் கேட்டு, இரண்டாவதைக் கேட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவை அரைக்கால் அரைக்காலாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு இதைச் செய்வோம். அவன் உள்ளே ஆக்சிலேட்டரில் கால் வைத்து உட்கார்ந்திருப்பான். நான் ஒரு விரலைக் காட்டினால் கொஞ்சம் கொடுப்பான். கையை மூடினால் விட்டுவிடுவான். முடிந்ததும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். கட்டைவிரலை உயர்த்தி, "இப்பதான் சரியா இருக்கு அண்ணா" என்பான். என்ஜின் எவ்வளவு இரைந்தாலும், கண்ணாடிக்குப் பின்னால் அவன் உதடு அசைந்தாலே எனக்குக் கேட்டுவிடும்.

அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் இருந்தேன் என்று சொன்னால் மிகையாகப் படும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலமே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவேன். கறை படியப் போகிற சட்டைதான்.

நாலு வருடத்துக்கு முன்பு தம்பி என்னை வற்புறுத்திக் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். சத்தம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார் டாக்டர். சத்தம் பெரும்பாலும் வரவேயில்லை. அவருடைய இயந்திரத்தில் ஏதோ பழுது. அதை நான் சொன்னபோது அவர் தம்பியைப் பார்த்தார்; தம்பி தரையைப் பார்த்தான். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி வாங்கித் தந்தான். போட்டுப் பார்த்தேன். கார்புரேட்டரின் சீறல், தகரத்தின் மேல் மணலைக் கொட்டுவதுபோல இருந்தது. கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டேன்.

அதற்குச் சில மாதம் கழித்து, அவனும் அவளும் வண்டியில் மலைச்சாலையில் ஏறும்போது, கார்புரேட்டர் வாய்வழியாகத் தீயைத் துப்பியது. கலவையில் காற்று கொஞ்சம் மிகுந்தால் அப்படி ஆகும். யாருக்கும் நேர்வதுதான். தம்பி கையாலேயே அடித்து அணைத்தான். இடது உள்ளங்கையில் தோல் சுருங்கி ஒரு தழும்பு நின்றது. "ரேடியேட்டர் மூடியைத் தொட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னான். பானெட்டின் உள்பக்கம் பெயின்ட் பொங்கியிருந்ததை நான் பார்த்தேன். நானும் கேட்கவில்லை.

பிறகு பெயின்ட் வேலை என்று வண்டியை மூன்று வாரம் ஒரு பட்டறையில் விட்டான். திரும்பி வந்ததிலிருந்து அதற்கு ஒரு தும்மல் கிடையாது. குளிரோ மழையோ, சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். மூன்று வருடம் அப்படி ஓடியது. என் கை இவ்வளவு சுத்தமாக அமைந்த காலம் வேறு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பணிமனையில் பழைய ஆட்களைப் பார்த்தால் அதைச் சொல்லவும் சொன்னேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு. இரண்டாவது கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மரை தேய்ந்திருக்க வேண்டும். அது கழன்று கையோடு வந்துவிட்டது. அந்த ஸ்க்ரூ இல்லாவிட்டால் என்ஜின் இரண்டு உதறு உதறி நின்றுபோக வேண்டும். என் இடது கை என்ஜின்மேல் இருந்தது. அதற்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து பார்த்தேன்.

தம்பி கட்டைவிரலை உயர்த்தினான். "இப்பதான் சரியா இருக்கு அண்ணா."

தேநீர் எடுத்துவந்த அவன் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிச் சொன்னாள்: "மாமா கை வச்சா தனிதான். இவர் ஓட்டினா லாரி, நீங்க தொட்டா பட்டு."

ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வைத்து, மரியாதைக்கு அரைச் சுற்றுத் திருப்பினேன். தேநீரைக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் இருவரும் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஷெட் சாவி என்னிடம் எப்போதும் உண்டு. கார்புரேட்டர்களைக் கழற்றினேன். வெளியே பார்க்க நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய அதே கூடுகள். உள்ளே குடைந்து எடுத்துவிட்டு, இந்தக் காலத்து வண்டிகளில் இருக்கிற மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசிகளை வைத்திருந்தார்கள். வயர்கள் என் கண்ணில் படாதபடி அடிப்பக்கமாக ஓடின. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சோப்புக்கட்டி அளவுக்குக் கறுப்புப் பெட்டி. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று அது முடிவுசெய்கிறது. நான் மூன்று வருடமாகத் திருப்பிய ஸ்க்ரூக்கள் எதையும் தொடவில்லை. அவற்றுக்குப் பின்னால் வெறும் உலோகம்.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பழைய உள்பாகங்கள் முழுவதும் அதில் இருந்தன. ஊசி, ஜெட், மிதவை என்று ஒவ்வொன்றும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. பழைய பெட்ரோல் பம்பும் இருந்தது. மூடியில் அவன் கையெழுத்து: 'அண்ணாவோட சாமான். தொலைக்கக் கூடாது.'

அதைப் பலமுறை படித்தேன். செத்தவருடைய துணிமணிகளைக் கட்டி வைக்கும்போது இப்படித்தான் எழுதுவார்கள் என்று தோன்றியது.

அவன் பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. மருந்துக்கடைக்காரன், நோயாளியிடம் சொல்கிற பொய்கள் அவனுக்குப் பழக்கம். ஆனால் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஞாயிறுகள். பேருந்தில் அழுகிற குழந்தைக்குப் பிளாஸ்டிக் ஸ்டியரிங்கைக் கொடுத்து நீயும் ஓட்டு என்பார்களே, அந்தக் குழந்தையாக நான் ஒரு முழக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறேன். குனிந்த என் முதுகுக்கு மேலாக அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிரி என்றால் ஒருநாள் வாய்விட்டுச் சிரித்திருப்பான். இவன் சிரிக்கவேயில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று ஒன்றும் செய்யவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே பொருத்திவிட்டு வந்தேன். ஞாயிறன்று போய், வழக்கம்போலக் காதில் குழாய் வைத்து, சாதாரணமாகத் திருப்பினேன். கட்டைவிரல் உயர்ந்தது. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தேன். அவனாகச் சொல்வான் என்று பார்த்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை அவர்கள் மறுபடி வெளியே போனார்கள். எட்டு மணி நேரம் கிடைத்தது. ஊசிகளையும் வயர்களையும் எடுத்தேன். குடைந்த இடங்களை நிரப்ப உலோகத்தில் உள்கூடு கடைந்து, டப்பாவில் இருந்த பாகங்களை அவற்றின் இடத்தில் வைத்தேன். வண்டிக்கு அந்நியமான எதையும் நான் சேர்க்கவில்லை. அதனுடையதை அதற்குத் திருப்பிக் கொடுத்தேன். பழைய பம்பை மட்டும் டப்பாவிலேயே விட்டுவிட்டேன்; ஊசிகளுக்காக அவர்கள் மாட்டியிருந்த புதிய பம்ப் அப்படியே இருந்தது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். புதிய பம்ப் பெட்ரோலைத் தள்ளுகிற வேகம் பழையதைப்போலப் பத்து மடங்கு. கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற சின்ன மிதவையால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. பெட்ரோல் பொங்கி வழியும். வழிந்தால் நேர்கீழே என்ஜினின் புகைக்குழாய். அது சூடாக நாலைந்து நிமிடம் போதும். பணிமனைக்கு நேற்று வந்தவனுக்குக்கூட இது தெரியும். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்கிறார் என் வக்கீல். எனக்குத் தெரியும்.

நான் எரிக்க நினைத்தது வண்டியை. அவனை அல்ல. தீ கிளம்பியதும் "அண்ணா, கதவு" என்பான், நான் திறப்பேன், இருவரும் வெளியே நின்று அது எரிவதைப் பார்ப்போம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதோடு அவனுக்கு ஒரு வாய்ப்பும் வைத்திருந்தேன். பானெட்டுக்கு அடியில், என் கைக்கெட்டும் தூரத்தில், பாட்டரியைத் துண்டிக்கிற குமிழ் இருக்கிறது. அவன் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னால் அதைத் திருகி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று இருந்தேன்.

ஞாயிறு காலை. தம்பி குனிந்து உள்ளே நுழைந்து உட்கார்ந்தான்.

"கதவை மெதுவா சாத்து அண்ணா. போன வாரம் சட்டை மாட்டிக்கிச்சு."

"சட்டை இல்ல, தொப்பை. அதைச் சொல்லு" என்றேன்.

சிரித்துக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டினான். நான் கதவைச் சாத்தினேன்.

என்ஜின் பிடித்தது. சிறிது நேரத்தில் உதற ஆரம்பித்தது. பின்னால் கறுப்புப் புகை. மிதவைக் கிண்ணத்தின் விளிம்பில் பெட்ரோல் துளித்து, பிறகு கோடாக வழிந்தது. குழந்தைக்குக்கூடத் தெரியும், ஏதோ சரியில்லை என்று. தம்பிக்கும் தெரிந்தது. அவன் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. நான் நிமிர்ந்து, புருவத்தை உயர்த்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு கை குமிழின்மேல் இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். குழப்பத்தை முகத்திலிருந்து துடைத்தெடுத்தான். பிறகு தழும்பு விழுந்த அந்தக் கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டினான்.

"இப்பதான் சரியா இருக்கு அண்ணா."

குமிழிலிருந்து கையை எடுத்தேன். ஸ்க்ரூடிரைவரை அதன் கொக்கியில் மாட்டுவதற்காக வாசல் பக்கத்துச் சுவருக்குப் போனேன். நாலடி தூரம். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் எதிரே அந்தச் சுவரில் என் நிழல் விழுந்தது. காலை வேளையில் அந்தச் சுவரில் நிழல் விழாது. நான் திரும்பவில்லை. அவன் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். கண்ணாடியை இறக்கும் கைப்பிடி அன்று என் சட்டைப்பையில் இருந்தது. பல் தேய்ந்திருந்ததால் மாற்றலாம் என்று முந்தின நாள் கழற்றியிருந்தேன். மாட்ட மறந்துவிட்டது. நீங்கள் என் பையிலிருந்து எடுத்து உறையில் போட்டு வைத்திருப்பது அதுதான்.

மூன்றாவது வீட்டுத் தையல்காரர்தான் ஓடிவந்து கதவைத் திறந்தார். அவருடைய இரண்டு கைகளுக்கும் கட்டுப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். இனி ஊசி பிடிக்க முடியுமோ என்னவோ. அதற்காக வருந்துகிறேன்.

தம்பியின் உயிர் போன பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி என்னிடம் பேசவில்லை. அழுது தொண்டை கட்டியிருக்கும். மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி என் மடியில் போட்டாள்: 'கார்புரேட்டர் வேண்டாம்னு ஆயிட்டா அண்ணா ஞாயித்துக்கிழமை வரமாட்டார்னு சொல்லித்தான் இவர் அப்படிச் செஞ்சார். உங்களுக்குக் கேக்காமப் போச்சுன்னு சொல்ல இவருக்கு மனசு வரலை மாமா.' துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது எழுதுவார்கள். அந்தச் சீட்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. கதவை ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். "அண்ணா, கதவு, அண்ணா, கதவு" என்று அலறியது மூன்று வீடு தள்ளித் தன் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டதாகத் தையல்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் நல்ல மனிதர். வலியில் ஏதோ குழம்பிப்போயிருக்கிறார். நான் காத்துக்கொண்டுதான் நின்றேன். அவன் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். மூன்று வருடம் என்னை நம்பாதவன், அந்தக் கடைசி நிமிடத்திலும் என்னை நம்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தையல்காரர் இருந்தது மூன்று வீடு தள்ளி. நான் நின்றது நாலடி தூரத்தில். எனக்குக் கேட்கவில்லை. ஆகவே அவன் கூப்பிடவில்லை.