ஆஸ்பத்திரியில் போட்ட கூச்சல்

முதுகுவலி தீர வேண்டிக்கொள்ளத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போனபோது, ரயிலில் என் எதிரே இரண்டு மீனவர்கள். ஒருவருக்குத் தொடையில் பெரிய கட்டு. மற்றவர், "காயமே இல்லாததுக்கு வெக்கப்பட்டவன் நான் ஒருத்தன்தான் நைனா" என்றார்.

"கல்மண்டபத்துல நாம வந்த மீன் லாரி கவுந்ததும் வெட்டின சுறா ரத்தமெல்லாம் என் மேல. ஆஸ்பத்திரில நான் போட்ட கூச்சல்ல நர்சம்மா என்னைத்தான் மொதல்ல பாத்தாங்க. துடைச்சுத் துடைச்சுப் பாத்தும் காயத்தைக் காணோம். மோந்து பாத்துட்டு, 'இது மீன் ரத்தம், எழுந்திரு'ன்னாங்க. பக்கத்துல நீ சத்தமில்லாம வெளுத்துகினு கெடந்த. ஓடியாந்து உன் தொடைய இறுக்கிக் கட்னாங்க. இன்னும் கொஞ்சம் நான் கத்தியிருந்தா நீ போயிருப்ப. உன் பொஞ்சாதிக்கு இன்னா சொல்லுவேன்?"

கட்டுக்காரர் சிரித்தார். "இப்பவும் பாரு, அடிபட்டவன் நானு. பேசிகினு கீறது நீ."

அன்று சந்நிதியில் என் முதுகுவலியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.